செரெங்கெட்டிக் கோப்பு

9

தடுப்பூசி நிலையத்துக் கணினியில் கம்சனா இன்னும் உயிரோடு இருந்தாள்.

“உங்கள் மனைவிக்கு இரண்டாவது விசர்நாய்க்கடி ஊசி பாக்கி இருக்கிறது,” என்றார் வரவேற்பில் இருந்த பெண், திரையைப் பார்த்தபடி. “போன ஆண்டு முதலாவது போட்டிருக்கிறார். இன்றைக்கே மூவருக்கும் முடித்துவிடலாம். அவர் பின்னால் வருகிறாரா?”

“இல்லை. அவருக்குத் தேவைப்படாது.”

“தன்சானியாவுக்குப் போவதென்றால் கட்டாயம்…”

“இறந்துவிட்டார்.”

அவர் ஒரு விசையைத் தட்டினார். பிறகு இன்னொன்றை. முகம் சிவந்துவிட்டது. “இதை நான் அழிக்க முடியாது. வைத்தியர்தான் அழிக்க வேண்டும்,” என்றார்.

“அவசரமில்லை,” என்றேன்.

மகள் கவிசா சுவரில் ஒட்டியிருந்த உலகப் படத்தின் முன்னால் நின்றாள். நுளம்பால் வரும் மலேரியாக் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள். அவள் விரல் சிவப்பின் நடுவில் இருந்தது. எட்டு வயது. நாங்கள் பேசியது கேட்டதா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அதை அவள் என்னிடமிருந்து பழகியிருக்க வேண்டும்.

கம்சனா போன வருடம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் இறந்தாள். ஒக்டோபர் இருபத்தொன்பது, முற்பகல் பதினொரு மணி. வயது முப்பத்து மூன்று. புற்றுநோய் சூலகத்தில் தொடங்கியது, ஈரலில் முடிந்தது. இடையில் பதினாறு மாதம்.

அந்தப் பதினாறு மாதத்தில் அவள் ஒரு கோப்புத் தயார் செய்தாள். பச்சை நிறம். முதுகில் ‘செரெங்கெட்டி’ என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள். விமானம், ஊசி, காப்புறுதி, உடுப்பு, மிருகங்கள் என்று உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு. செரெங்கெட்டி தன்சானியாவில் ஒரு புல்வெளிக் காடு. க்னு என்கிற தாடி வைத்த மாடுகள் மந்தை மந்தையாக வந்து அங்கே ஒரு ஆற்றைக் கடக்கும். ஆற்றில் முதலைகள் காத்திருக்கும். போன இலையுதிர் விடுமுறைக்கு எங்கள் மூன்று பேருக்கும் பதிவு செய்திருந்தாள். அந்த விடுமுறை முழுவதும் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

கடைசி வாரத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “பிள்ளைக்கு அந்த ஆத்தைக் காட்டுங்கோ.” நான் ஓம் என்றேன்.

பயண நிறுவனம் ஒருதடவை திகதி மாற்ற விட்டது. ஒருதடவைதான். இனி மாற்றினால் பயணம் இல்லை. மாசி மாதம் நான் உட்கார்ந்து மாற்றினேன். வருகிற ஒக்டோபர் பதின்மூன்றாம் திகதி போய் இருபத்து நாலாம் திகதி வருவது. இரண்டு பேர். யாரையும் கேட்கவில்லை.

வைத்தியர் கவிசாவைத் தராசில் ஏற்றினார்.

“இருபத்து நாலு கிலோ. மலேரியாவுக்குச் சின்ன மாத்திரை இரண்டு, நாளுக்கு ஒரு தடவை. போவதற்கு முதல்நாள் தொடங்கி, திரும்பி வந்து ஏழு நாள் வரை. பாலோடு கொடுங்கள்.”

“பால் எனக்குப் பிடிக்காது,” என்றாள் கவிசா.

“சொக்லேட் போட்ட பால்?”

“அது பால் இல்லை,” என்று ஒத்துக்கொண்டாள்.

இடது கையில் மஞ்சள் காய்ச்சலுக்கு ஒன்று. வலது கையில் விசர்நாய்க்கடிக்கு ஒன்று. அவள் அழவில்லை. ஊசி போட்ட இடத்தை அழுத்திக்கொண்டு என்னிடம் தமிழில் கேட்டாள்.

“சிங்கம் கடிச்சா இந்த ஊசி காணுமோ அப்பா?”

“சிங்கம் கடிச்சா ஊசிக்கு வேலை இல்லை.”

சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

போன வருடம் இதே அறையில் கம்சனாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட மறுத்தார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவருக்கு அது கூடாது. ஏற்றுகிற வைத்தியரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அவள் வாங்கினாள். ஊசி போடும் நிலை வருவதற்குள் படுத்துவிட்டாள். கடிதம் எங்கோ போயிற்று. நான் தேடவில்லை.

*

வியாழக்கிழமைகளில் மாமா வீட்டில் சாப்பாடு. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் அந்த ஓகஸ்ட் மாதம் முழுவதும் கவிசா பகலில் அங்கேதான் நின்றாள். எனக்குப் பாலங்களைச் சோதிக்கிற வேலை. வெடிப்பு எங்கே, எத்தனை மில்லிமீற்றர், எந்த வருடம் தொடங்கியிருக்கும் என்று எழுதுவது. காலை ஆறு மணிக்குப் போனால் ஐந்தாகும். மாமா இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

மாமா, கம்சனாவின் தகப்பன் தம்பித்துரை, எண்பத்தைந்தாம் ஆண்டு இங்கே ஜேர்மனிக்கு வந்தவர். டுசல்டோர்ஃபில் ஒரு அலுமினியத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம். இப்போது ஓய்வு. மாமி லண்டனில் மகன் வீட்டில் நின்றார். வீட்டில் மாமாவும் இளைய மகள் கிருசாந்தியும். அவள் முதியோர் இல்லத்தில் தாதி. அவளுக்குப் பேசிவைத்த கலியாணம் ஒன்று அக்காவின் ஆண்டுத் திவசம் முடியட்டும் என்று காத்திருந்தது. துக்க வருடம் என்று மாமா ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்கும் போகவில்லை.

மூன்றாம் மாடிக் கதவை என்னிடமிருந்த திறப்பால் திறந்தேன். உள்ளே கறி அடிப்பிடித்த மணம்.

“கத்தரிக்காய் கொஞ்சம் பிடிச்சுப்போச்சு,” என்றார் மாமா. “மேலாலை எடுத்துச் சாப்பிடுங்கோ. மாமியிட்டைச் சொல்லாதேங்கோ.”

“அவ போனிலயே மணந்து பிடிப்பா.”

“பிடிப்பாள்.” அவர் கவிசாவின் கைகளைப் பார்த்தார். “என்ன பிள்ளை, ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கு?”

“ஊசி, அம்மப்பா. சபாரிக்கு. எனக்கு மாத்திரையும் இருக்கு. நீலச் சட்டை போடக் கூடாது, கறுப்பும் கூடாது, ஒரு ஈ வந்து கடிக்கும். பெட்டிக்குச் சில்லு இருக்கக் கூடாது, சின்னப் பிளேன்.”

“சில்லு இல்லாமல் ஆர் தூக்கிறது?”

“அப்பா.”

மாமா சோறு போட்டார். பயணம் பற்றி அவருக்குத் தெரியும். மனைவி இல்லாதவன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய் வரட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். திகதி கேட்டதில்லை.

“எப்ப போறியள் தம்பி?”

“பதின்மூண்டாம் திகதி மாமா. ஒக்டோபர்.”

“வாறது?”

“இருபத்து நாலு.”

கரண்டி பருப்புச் சட்டிக்குள் நின்றது.

“அப்ப திவசம்?”

“அது இருபத்தொன்பதுதானே. அஞ்சு நாளைக்கு முந்தி வந்திடுவம். லீவு எடுத்திட்டன்.”

அவர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். தமிழ்க் கடையில் இனாமாகக் கொடுக்கிற கலண்டர். பிள்ளையார் படம். ஒக்டோபர் மாதத்தை விரித்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இந்த வருசம் தீபாவளி எப்ப?”

பார்த்தேன். “இருபது.”

“பிள்ளை செத்தது தீபாவளிக்கு எத்தனை நாளைக்கு முந்தி?”

இருபதிலிருந்து இரண்டு கட்டம் பின்னால் போனேன். பதினெட்டாம் திகதிக் கட்டத்தில் மாமா பேனையால் ஏற்கெனவே ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தார்.

ஒவ்வொரு மாதமும் மாசியம் செய்தேன். மாமா தொலைபேசியில் நாளைச் சொல்வார். நான் வேட்டியோடு போவேன். ஐயர் சொன்னதைச் சொல்வேன், பிண்டம் வைப்பேன், திரும்பி வேலைக்குப் போவேன். ஏன் நாள் மாதத்துக்கு மாதம் நகர்கிறது என்று ஒரு தடவையும் யோசிக்கவில்லை. திவசம் திதியில் வரும் என்பது சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். ஆனால் இருபத்தொன்பதாம் திகதி பதினொரு மணி என்று ஒன்று மண்டைக்குள் ஆணி அடித்ததுபோல இருந்தது. அதை வைத்தே எண்ணினேன்.

“கவிசா, சித்தியின்ர அறையில போய்ப் படம் கீறுங்கோ,” என்றார் மாமா.

அவள் சாப்பிட்ட கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுப் போனாள்.

*

ஐயரை மாமாதான் தொலைபேசியில் அழைத்தார். எனக்கும் கேட்கிறமாதிரி வைத்தார்.

“ஐயா, எங்கட மருமகன் ஒரு சந்தேகம் கேக்கிறார்.”

“கேக்கச் சொல்லுங்கோ அண்ணை. கார் ஓடுறன், கெதியாக் கேக்கச் சொல்லுங்கோ.”

“இருபத்தொன்பதாம் திகதி செய்யேலாதோ ஐயா?” என்றேன்.

“அது உங்கட வேலைக் கந்தோர்க் கலண்டருக்கு. அவவின்ர திதி ஐப்பசி அபரபக்கத் திரயோதசி. இந்தமுறை பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை. நான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அண்டைக்கே எழுதித் தந்தனான் எல்லோ?”

தந்திருக்க வேண்டும். அன்றைக்கு நிறையத் தாள்கள் தந்தார்கள்.

“தவறினா?”

“தவறினா வாற அமாவாசை. இருபத்தொண்டு.”

“அண்டைக்கும் நான் அங்கைதான்.”

“எங்கை?”

“ஆபிரிக்காவில. ஒரு காட்டில.”

ஐயர் காரை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது.

“ஆறு ஏதும் இருக்கோ?”

“இருக்கு.”

“ஓடுற தண்ணியோ?”

“ஓம். முதலை இருக்கு.”

“அப்ப இறங்கிப்போடாதேங்கோ. ஒரு திவசம் செய்யப்போய் இன்னொரு திவசத்துக்கு வழி பண்ணக் கூடாது.” அவர் சிரிக்கவில்லை. “கரையில நிண்டு தெற்கை பாத்து, எள்ளும் தண்ணியும் மூண்டுதரம் விட்டு அவவின்ர பேரைச் சொல்லுங்கோ. வந்து முறையாச் செய்வம். இது முழுமை எண்டு நான் சொல்லமாட்டன். குற்றம் எண்டும் சொல்லமாட்டன். தம்பித்துரை அண்ணைக்கு மனம் ஒப்பினாச் சரி.”

தொலைபேசி ஓய்ந்தது. மாமா கலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சனத்துக்கு என்ன சொல்றது? புருசன்காரன் ஆனை பாக்கப் போயிட்டான், ஆண்டுத் திவசத்துக்கு ஆளில்லை எண்டோ?”

“கம்சனா கேட்டது மாமா. பிள்ளைக்கு அந்த ஆத்தைக் காட்டச் சொல்லி. நான் ஓம் எண்டனான். இனித் திகதி மாத்தேலாது.”

“எப்ப கேட்டவள்?”

“கடைசி வாரம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். திரும்பப் போட்டார். கதவு திறந்தது. கிருசாந்தி வேலை முடிந்து வந்தாள். இரண்டு நிமிடத்தில் விஷயம் அவளுக்கும் தெரிந்தது.

“அத்தான், நீங்கள் ஒரு எஞ்சினியர்,” என்றாள். “கலண்டர் பாக்கத் தெரியாதோ?”

“தெரியாமப் போச்சு.”

“அக்கா இருந்திருந்தா உங்களை உதைச்சிருப்பா.”

“ஓம்.”

மாமா எழுந்து குசினிக்குள் போனார். அலுமாரிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“பிள்ளை, எள்ளு எங்கை வைச்சிருக்கு?”

கிருசாந்தி என்னைப் பார்த்தாள். “மேல்தட்டில அப்பா. ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னாலை.”

அவர் எள்ளுப் போத்தலோடு வந்தார். பத்திரிகைத் தாளில் ஒரு துண்டு கிழித்து மேசையில் விரித்தார். உள்ளங்கையில் எள்ளைக் கொட்டி, கல் பொறுக்கி, தாளில் போட்டார். விரல்கள் தடித்தவை. தொழிற்சாலையில் ஒரு விரலின் நுனி போயிருந்தது. எள்ளு மணிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

“எயார்போட்டில மறிப்பாங்களோ?”

“இல்லை மாமா.”

“அங்கை போய் வாங்கலாம் எண்டு நினையாதேங்கோ. வீட்டில இருந்து போறது வேற.” பிறகு, தாளைப் பார்த்தபடியே, “நான் இஞ்சை அந்த நேரம் விளக்கு வைக்கிறன். எத்தனை மணிக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ.”

அவ்வளவுதான். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

“எந்த நாள் எங்கை நிப்பியள் எண்டு பாப்பம்,” என்று கிருசாந்தி பச்சைக் கோப்பை இழுத்தாள். ஊசிக்காக அதைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். அவள் ஒவ்வொரு நாளாகப் புரட்டினாள். எல்லாம் கம்சனாவின் எழுத்து. என் பெயர் வந்த ஓரிடத்தில் நின்று உரக்க வாசித்தாள். “‘சில்லுப் பெட்டி கூடாது. கிருஷாந்துக்கு மூண்டுதரம் சொல்ல வேணும். இல்லையெண்டா அதைத்தான் உருட்டிக்கொண்டு வருவார்.’”

மாமாவின் வாய் ஒரு பக்கம் கோணியது. அது அவருடைய சிரிப்பு.

“ஆறாம் நாள், மாரா ஆறு,” என்றாள் கிருசாந்தி. “பதின்மூண்டில இருந்து ஆறாம் நாள் பதினெட்டு. அப்பா, சரியா அண்டைக்குத்தான் ஆத்தங்கரை.”

மாமா எள்ளை மடிக்கத் தொடங்கினார்.

அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து அவள் வெளியே இழுத்தபோது பின்னால் இன்னொரு தாளும் வந்தது. ஆஸ்பத்திரித் தலைப்பு. கம்சனா அதை அங்கே வைத்திருக்கிறாள். ஊசிப் பிரிவில் வைத்திருந்தால் நான் கண்டிருப்பேன்.

“இதென்ன கடிதம்?” என்றார் மாமா.

“மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குக் குடுத்ததாக்கும்.” கிருசாந்தி ஜேர்மனில் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். இல்லத்தில் நாள் முழுவதும் இப்படிக் கடிதங்களைக் காது கேளாத கிழவர்களுக்கு வாசித்துக் காட்டுபவள். அதே குரல். நான் கையை நீட்டினேன். அவள் கவனிக்கவில்லை.

நோயாளியின் வெளிப்படையான விருப்பத்தின்பேரில் ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து சிகிச்சை நிறுத்தப்படுகிறது. நோக்கம், ஒக்டோபர் மாதத்தில் ஒரு நீண்ட பயணம். இதனால் ஆயுட்காலம் குறையக்கூடும் என்பது விளக்கப்பட்டது. உரையாடலின்போது கணவர் உடனிருந்தார்.

கடைசி வரிக்கு வரும்போது குரல் பாதியாகிவிட்டது.

மாமாவுக்குத் தொழிற்சாலை ஜேர்மன் தெரியும். வைத்தியர் ஜேர்மன் தெரியாது. இரண்டு மூன்று சொல் மட்டும் பிடித்திருக்கிறார்.

“தமிழில சொல்லு.”

“பேந்து சொல்றன் அப்பா.”

“சொல்லு.”

அவள் தமிழில் சொன்னாள். மிகவும் தாழ்ந்த குரலில், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மாமா என்னைப் பார்த்தார்.

“டாக்குத்தர்மார் கைவிட்டிட்டினம் எண்டு எங்களுக்குச் சொன்னது ஆர்?”

“நான்.”

“அவள் சொல்லச் சொன்னவளோ?”

“ஓம். ஆனாச் சொன்னது நான்தான்.”

“நீர் பக்கத்தில இருந்தனீர்.”

பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னை நீங்கள் என்காமல் நீர் என்று சொன்னது அதுவே முதல் தடவை.

“இருந்தனான்.”

“மருந்து ஏத்தியிருந்தா எவ்வளவு காலம் எண்டு சொன்னவங்கள்?”

“ஆறு மாதம் மட்டில. ஏத்தாட்டி மூண்டு.”

“அப்ப மூண்டு மாதம்.”

“சத்தியும் வாந்தியுமா மூண்டு மாதம் மாமா. எழும்பேலாமல்.”

“சத்தி எடுத்தா நான் சட்டி ஏந்தியிருப்பன்,” என்றார். “என்ர பிள்ளைதானே. மூண்டு மாதம் ஏந்தியிருப்பன். அதை வேண்டாம் எண்டு சொல்ல நீர் ஆர்?”

“சொன்னது அவ.”

“மிருகம் பாக்க.”

“ஓம்.”

“பாத்தவளோ?”

அந்தக் கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியும்.

மாமா மடித்த தாளைப் பிரித்தார். எள்ளுப் போத்தலின் மூடியைக் கழற்றினார். தாளைக் குழாய்போல வளைத்து எள்ளை மறுபடி போத்தலுக்குள் கொட்டினார். மேசையில் சிந்தியதையும் உள்ளங்கை ஓரத்தால் கூட்டி எடுத்து உள்ளே போட்டார். மூடினார்.

“பதினெட்டாம் திகதி நான் செய்யிறன்,” என்றார்.

“அப்பா,” என்றாள் கிருசாந்தி. “கலியாணம் கட்டின பிள்ளைக்குத் தகப்பன் செய்யிற வழக்கம் இல்லை. அத்தான் இருக்கேக்கை ஐயர் ஒப்பமாட்டார்.”

“ஒப்புவார். புருசன் இல்லை எண்டு சொல்லுறன்.”

“அப்பா…”

“நீர் போம் தம்பி. உம்மட ஆத்துக்குப் போம். ஆனா அங்கை நிண்டு என்ர பிள்ளையின்ர பேரைச் சொல்லி ஒரு சொட்டுத் தண்ணி விடக் கூடாது. இனி அது உம்மட வேலை இல்லை.” மேசையைக் காட்டினார். “திறப்பை வைச்சிட்டுப் போம்.”

வளையத்திலிருந்து திறப்பைக் கழற்ற நேரம் எடுத்தது. நகம் உடைந்தது. வைத்தேன்.

“கவிசா?” என்றேன். நாளைக்கும் எனக்கு ஆறு மணிக்கு வேலை.

“அவள் என்ர பேத்தி. மணி அடிச்சா அவளுக்குத் திறப்பன்.”

கவிசா கிருசாந்தியின் அறை வாசலில் நின்றாள். சப்பாத்துப் போட்டிருந்தாள். யாரும் அவளைப் போடச் சொல்லவில்லை.

படிக்கட்டு வரை கிருசாந்தி வந்தாள். “நான் வேணுமெண்டு செய்யேல்லை அத்தான்.”

“தெரியும்.”

“அக்கா எனக்கும் சொல்லேல்லை.”

“ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“அவர் ரெண்டு நாளில இறங்கி வந்திடுவார்,” என்றாள். அவள் முகம் அதை நம்பவில்லை.

*

எங்கள் வீட்டுக்குக் காரில் இருபது நிமிடம். கவிசா பின்னால் இருந்தாள். பத்து நிமிடம் ஓடியிருக்கும்.

“அப்பா.”

“ம்.”

“சித்தி வாசிச்சது எனக்கு விளங்கினது.”

“எது?”

“எல்லாம்.”

எங்கள் வீடுகளில் பிள்ளைக்குக் கேட்கக் கூடாததைத் தமிழில், குரலைத் தாழ்த்திச் சொல்வோம். அன்றைக்கும் தமிழில் சொன்னதைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஜேர்மனில் வாசித்ததைத் தாழ்த்த வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டில் அது நன்றாக விளங்கக்கூடியவர்கள் மூன்று பேர். ஒருத்திக்கு எட்டு வயது.

“அம்மா சபாரிக்காகவோ தெரப்பியை நிப்பாட்டினவ?”

பொய் சொல்ல ஒரு சந்தி தூரம் இருந்தது. இல்லை, டாக்குத்தர்மார்தான் என்று சொல்லியிருக்கலாம். அதை ஒருதடவை சொன்னதால்தான் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

“ஓம்,” என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் இரண்டு கைகளாலும் ஊசி போட்ட இடங்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சபாரிக்குப் போவம் எண்டு முதல் கேட்டது நான்,” என்றாள்.

எனக்கு நினைவு வந்தது. அவளுக்கு ஆறு வயது. ஆபிரிக்க மிருகங்களின் படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் படுத்திருந்த கம்சனாவின் வயிற்றில் வைத்து விரித்தாள். சத்திரசிகிச்சை முடிந்து ஒரு வாரம். வலித்திருக்கும். கம்சனா புத்தகத்தை அகற்றவில்லை. நான்தான் எடுத்தேன்.

“நீங்கள் கேட்டதால இல்லை, அம்மாவுக்கும் ஆசை,” என்றேன்.

“நான் கேக்காட்டி ஏத்தியிருப்பாவோ?”

சிவப்பு விழுந்தது. நிறுத்தினேன். அந்தக் கேள்வியை இந்தப் பத்து மாதத்தில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் என்னிடம் கேட்கவில்லை.

“தெரியேல்லை கவிசா.”

அவள் தலையாட்டினாள். கணக்கு வகுப்பில் விடை சரியாக வந்தால் ஆட்டுவதுபோல.

“நான் வரேல்லை,” என்றாள்.

“எங்கை?”

“சபாரிக்கு. எனக்கு வேண்டாம்.”

“அம்மா உங்களுக்குக் காட்டச் சொன்னவ.”

“எனக்கு வேண்டாம். நீங்கள் திவசத்துக்கு நில்லுங்கோ.”

இனி நான் நிற்கவும் இடமில்லை என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

“திருப்புங்கோ,” என்றாள் கவிசா.

“எங்கை?”

“அம்மப்பாட்டை. அவர் உங்களில கோவிக்கிறார். கேட்டது நான் எண்டு அவருக்குத் தெரியாது. நான் சொல்லோணும்.”

“நாளைக்குச் சொல்லலாம்.”

“நாளைக்கு எண்டா இண்டைக்கு முழுக்க அவர் உங்களில கோவிப்பார்.”

“பரவாயில்லை.”

“எனக்கு அது பரவாயில்லை இல்லை.” அவள் ஆசனப் பட்டியைக் கழற்றினாள். கார் எச்சரித்துக் கத்தத் தொடங்கியது. “திருப்புங்கோ அப்பா. இல்லாட்டி நான் இறங்கி நடப்பன்.”

நடப்பாள். தாயும் அப்படித்தான், மருந்தை விடுகிறேன் என்று சொன்ன நாளில் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். தடுக்கவில்லை. மாமா கேட்டது சரியான கேள்விதான். வேண்டாம் என்று சொல்ல நான் ஆர் என்றும், வேண்டாம் என்றவளை மறிக்க நான் ஆர் என்றும் அன்றைக்கு நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பேசாமல் கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

“பட்டியைப் போடுங்கோ,” என்றேன். திருப்பினேன்.

எட்டு வயதுப் பிள்ளை தாயின் சாவைத் தன் தலையில் எடுத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறப்போகிறாள். மாமா அதை அவள் தலையிலிருந்து இறக்கிவைப்பாரா, அங்கேயே இருக்க விட்டுவிடுவாரா என்று எனக்குத் தெரியாது. அவர் நல்ல மனிதர். இன்றைக்கு அவர் எப்படி என்று தெரியாது.

கட்டட வாசலில் இறங்கினோம். பன்னிரண்டு வருடத்தில் அந்த மணியை நான் அழுத்தியதில்லை. எந்தப் பொத்தான் என்று பெயர்களைத் தேட வேண்டியிருந்தது. கவிசா என் கையை விலக்கிவிட்டுத் தானே அழுத்தினாள்.

வாசல் பேச்சுப் பெட்டி கரகரத்தது.

“ஆர்?” என்றது மாமாவின் குரல்.

“கவிசா. திறவுங்கோ அம்மப்பா, ஒண்டு சொல்லோணும்.”

“ஆர் கூட நிக்கிறது?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்கு வாயைக் கிட்டக் கொண்டுபோனாள்.

“அப்பா,” என்றாள்.

கதவு உடனே திறக்கவில்லை.